பூனை ஒரு கண்ணை இடுக்கினால்: மிச்சச் சொட்டு மருந்தை எடுக்கும் முன்

கேள்வி: எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு ஒன்றரை வயது. ராத்திரியில் வெளியே சுற்றிவிட்டு விடிகாலையில்தான் வரும். மூன்று நாளாக இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறது. தண்ணீர் வடிகிறது. மூக்குப் பக்க ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு தோல் ஏறிக் கண்ணை மறைக்கிறது. சாப்பாடு கொஞ்சம் குறைவு. மாமியாருக்கு வேலூரில் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதை விடலாமா? பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொல்கிறார். எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்? பேரணாம்பட்டில் அம்மா வீட்டுக் கிழப் பூனையும் நான்கு நாளாக நாற்காலியிலும் சுவரிலும் முட்டிக்கொள்கிறது. வயதானால் அப்படித்தானா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள், அவளுக்கு ஏதாவது ஒட்டுமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாட்டிலை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். ஏற்கெனவே ஒரு சொட்டாவது விட்டிருந்தால் டாக்டரிடம் அதைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு பூனைகளையும் இன்றே காட்ட வேண்டும். உங்கள் கடுவனுக்கு மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது தண்ணீர் வடிவதோ வெள்ளைத் தோலோ அல்ல. கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறது என்பதுதான். வலித்தாலும் பூனை பெரும்பாலும் கத்தாது, முனகாது. ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், சாப்பாட்டில் கொஞ்சம் குறைக்கும். கண் வலியை அது வெளியே காட்டுவது இமையை இடுக்கித்தான். பச்சையோ மஞ்சளோ இல்லாத பீளை மட்டும் வந்து கண் நன்றாகத் திறந்திருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். பீளையே இல்லாமல் ஒரு கண் இடுங்கி இருந்தால் பொறுக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பீளையைக் கண்டு பதறுவார்கள், இடுங்கிய கண்ணை "தூங்கி வழியுது" என்று விட்டுவிடுவார்கள்.

அந்த வெள்ளைத் தோல் புதிதாக முளைத்தது அல்ல. எல்லாப் பூனைக்கும் உள் ஓரத்தில் மூன்றாவது இமை ஒன்று மடிந்து மறைந்திருக்கும். கண் வலித்தால் பூனை விழியைக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும். விழி பின்னால் போனதும் அந்த இமை தானாகச் சறுக்கி முன்னால் வந்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் ஏறியிருந்தால் அந்தக் கண்ணில்தான் கோளாறு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கண்ணிலும் சமமாக ஏறி, கண்களும் நன்றாகத் திறந்திருந்தால் கண்ணை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். பேதி, குடற்புழு, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது ஆகியவற்றில் இப்படி ஆகும். யாராவது அதைச் "சதை வளர்ந்திருக்கு, வெட்டிவிடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணீரில் ஒரு பங்கு சுரப்பதும், கண்ணைத் துடைத்து ஈரமாக வைப்பதும் அந்த இமைதான்.

இனி சொட்டு மருந்து. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர்களுக்குக் கொடுப்பதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். தனியாக பிரெட்னிசோலோனாகவோ, மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குடன் டெக்ஸாமெத்தசோன் கலந்தோ வரும். உங்கள் மாமியார் கண்ணுக்கு அது சரியான மருந்து. சண்டையில் நகம் பட்டோ வைரஸாலோ கார்னியாவில் புண் விழுந்த பூனைக்கு அதுவே வினை. கார்னியா என்பது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் படலம். பூனைக்கு அது முழுவதுமே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன்தான். மேல்தோல் உரிந்தால் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து மூட வேண்டும். ஸ்டீராய்டு அந்த வேலையைத் தடுக்கிறது, படலத்தைக் கரைக்கும் நொதிகளின் கையை ஓங்க வைக்கிறது, பூனை உடம்பில் தூங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸையும் எழுப்பிவிடுகிறது.

இதில் ஏமாற வைப்பது முதல் இரண்டு நாள். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் வேகமாகக் குறைக்கும். பூனை கண்ணைத் திறந்துகூடப் பார்க்கும். "மருந்து கேட்குது" என்று இன்னும் இரண்டு நாள் விடுவார்கள். அதற்குள் மேலே கீறலாக இருந்த புண் குழியாகிவிடும், ஓரம் மெழுகு உருகினதுபோலக் குழகுழப்பாகிவிடும். அந்த நிலைக்குப் போன புண் 24 மணி நேரத்தில் கண்ணை ஓட்டையாக்கிவிடக்கூடும். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் ஆறியிருக்கும் கண் ஆபரேஷனில் முடிகிறது, சில சமயம் கண்ணையே எடுக்க வேண்டி வருகிறது.

ஆகவே வீட்டில் எந்தச் சொட்டு மருந்து இருந்தாலும் அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், டைஃப்ளூப்ரெட்னேட் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கார்னியாவில் புண் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும் பச்சைச் சாயச் சோதனை செய்யாமல் பூனை கண்ணில் படக் கூடாது. கீட்டோரோலாக், நெபாஃபெனாக் போன்ற வலிச் சொட்டுகள் ஸ்டீராய்டு இல்லை என்றாலும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவையும் வேண்டாம். கண் சிவப்பை வெளுக்க வைக்கும் நாஃபசோலின் சொட்டு இன்னொரு ஆபத்து. உடம்பில் ஏறினால் பூனையின் இதயத் துடிப்பே குறைந்துபோகும். மருந்துக் கடையில் "பூனைக்குக் கண் சொட்டு கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த கலவையைக் கொடுத்துவிடுவது நடக்கிறது. அப்படிக் கேட்கவே வேண்டாம்.

நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், மஞ்சள் தண்ணீர் என்று நம் பக்கத்தில் கண்ணுக்குச் சொல்லும் எதையும் விட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கசக்கிப் பிழிந்த எதிலும் மகரந்தம், தூசி, கிருமி எல்லாம் சேர்ந்தே வரும். தோல் உரிந்த கார்னியாவில் அது நேரே உள்ளே இறங்கும். மூலிகை என்று விற்கிற எரிச்சல் சொட்டுக்கும் இதே பதில்தான்.

வலிக்கிறதே என்று மனிதர் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பு நிறமாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். ஐபுப்ரொஃபேனும் பூனைக்கு ஆபத்துதான்.

சரி, டாக்டரிடம் போகும் வரை என்ன செய்யலாம்? மருந்துக் கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மி.லி. பாட்டில் கிடைக்கும். சுத்தமான பஞ்சை அதில் நனைத்துக் காய்ந்த பீளையின் மேல் இரண்டு நிமிடம் ஒற்றி வைத்து ஊற விடுங்கள். பிறகு மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான். பீளையை நகத்தால் பிய்க்கக் கூடாது. திறந்த சலைன் பாட்டிலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி நேரம், டாக்டர் இல்லை என்றால் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் மட்டும் உள்ள கண்ணீர்ச் சொட்டை நான்கு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு விடலாம். அது கண்ணை ஈரமாக வைக்கும், அவ்வளவுதான், ஆற்றாது. கண்ணில் ஏதாவது குத்தியிருப்பதாகவோ ஓட்டை விழுந்திருப்பதாகவோ சந்தேகம் இருந்தால் அதையும் விட வேண்டாம்.

பூனை காலால் கண்ணைத் தேய்ப்பதுதான் பல புண்களை ஆழமாக்குகிறது. கழுத்தில் கூம்புக் காலர் போட வேண்டும். கடையில் கிடைக்கவில்லை என்றால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அரைவட்டமாக வெட்டிக் கூம்பாகச் சுருட்டி ஒட்டுங்கள். கழுத்துப் பக்க ஓரத்துக்குத் துணிப் பிளாஸ்திரி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை அறுக்கும். முன் ஓரம் மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதல் அரை மணி நேரம் பின்பக்கமாகவே நடந்து ரகளை செய்யும், பிறகு பழகிவிடும். பாவம் என்று கழற்றிவிடாதீர்கள்.

வீட்டில் கண்ணைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். காலை வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்து, தொடாமல் முதலில் நேராகப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குத் திறந்திருக்கிறதா? மேலிமை முடிகள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன? வலிக்கிற கண்ணில் அவை கீழே சரிந்திருக்கும். இடுக்குவது லேசாக இருக்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது இந்த முடிகள்தான். பிறகு தலைக்கு மேலிருந்து பாருங்கள், ஒரு விழி மற்றதைவிடத் துருத்தியோ உள்வாங்கியோ இருந்தால் தெரியும்.

அடுத்ததை நிதானமாகப் பாருங்கள். கண்ணின் மேல் ஜன்னலின் பிம்பம் விழும். ஆரோக்கியமான கார்னியாவில் ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவாக இருக்கும். பூனையின் தலையை மெல்லத் திருப்பினால் அந்தப் பிம்பம் கண் முழுக்க வழுக்கிக்கொண்டு போகும். ஓரிடத்தில் கம்பி நெளிந்தாலோ, உடைந்தாலோ, மங்கினாலோ அங்கேதான் புண்ணோ வீக்கமோ இருக்கிறது. சாயம் இல்லாமல் வீட்டில் செய்ய முடிகிற நல்ல சோதனை இது. பிம்பம் தெளிவாக இருப்பதால் மட்டும் புண் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் உடைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்னியா முழுக்க நீலம் பூத்தாற்போல மங்கினால் அதற்குள் நீர் கோத்திருக்கிறது, புண்ணாலோ கண் அழுத்தத்தாலோ உள்வீக்கத்தாலோ. பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு திட்டு ஒட்டியிருந்தால் அது கார்னியாவில் ஒரு பகுதி செத்துப்போனது. பெர்ஷியன் பூனைகளுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். சுரண்டிப் பார்க்காதீர்கள்.

பிறகு நடுவிலுள்ள கண்மணி. வெயிலில் கோடாகவும் இருட்டில் வட்டமாகவும் மாறும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அறையை மங்கலாக்கி, ஃபோன் டார்ச்சை ஒரு கை நீளத்தில் ஒரு நொடி காட்டினால் இரண்டும் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் சிறுத்து, அந்தக் கண்ணின் நிறமும் கலங்கி மாறியிருந்தால் கண்ணுக்குள் அழற்சி. பூனைகளில் அது கண்ணோடு நிற்பதில்லை. எஃப்.ஐ.பி. என்ற பூனைக் கொரோனா வைரஸ் நோய், லுக்கீமியா வைரஸ், எய்ட்ஸ் போன்ற எஃப்.ஐ.வி., டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஆகியவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஒன்று மட்டும் அகலமாகவே நின்று, விழியும் பெரிதாகத் தெரிந்தால் கண் அழுத்தம். பூனைக்குப் பெரும்பாலும் அது பழைய அழற்சியின் தொடர்ச்சியாகத்தான் வரும்.

பார்வை இருக்கிறதா என்று பார்க்கக் கையை முகத்துக்கு நேரே வீசிப் பார்ப்பார்கள். காற்றுப் பட்டு மீசை அசைந்தால் பார்வை இல்லாத பூனையும் இமைக்கும். ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து முன்னால் விழ விடுங்கள். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. பார்வை இருந்தால் கண் அதைத் தொடரும். சலிப்பில் திரும்பாமலும் இருக்கும், ஆகவே இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள்.

இவ்வளவு பார்த்தபின் எதற்கு எவ்வளவு அவசரம் என்பது ஓரளவு தானாகப் புரியும். விழி குழியிலிருந்து வெளியே வந்திருந்தால், கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால், உள்ளே ரத்தம் தேங்கியிருந்தால், திடீரென்று பார்வை போனால், வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ கண்மணிகள் அளவு மாறியிருந்தால் அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும். வெளியே வந்த விழியைத் தள்ளப் பார்க்காமல் சலைனில் நனைத்த துணியால் மூடிக்கொண்டு போங்கள். குத்திய முள்ளையோ குச்சியையோ பிடுங்கக் கூடாது. இடுக்குவது, மங்கல், ஒரு பக்க மூன்றாவது இமை, பச்சை மஞ்சள் பீளை, கண் மூடி ஒட்டிக்கொண்ட குட்டி, இவை அன்றைக்கே காட்ட வேண்டியவை. இரண்டு கண்ணிலும் தண்ணீர், தும்மல், ஆனால் கண் திறந்து, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் ஒரு நாள், இரண்டு நாள் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். காலையில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் துணுக்கு வெறும் கண்ணீர் காய்ந்தது. நிற வளையத்தில் புதிதாகப் பழுப்புப் புள்ளி தோன்றினால் ஃபோட்டோ எடுத்து வைத்து, அந்த மாதத்துக்குள் காட்டுங்கள். பெரும்பாலும் மச்சம்தான். பரவினாலோ தடித்தாலோ புற்றாக இருக்கலாம்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பு புழங்குகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளிலும் வெற்றிலைத் தட்டிலும் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம், நிற்காமல் உள்ளே அரித்துக்கொண்டே போகும். சலைன் தேடி ஓடாமல், குழாய்த் தண்ணீரிலேயே இமையை விலக்கிப் பிடித்து 20 நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். துகள் தெரிந்தால் ஈரப் பஞ்சால் எடுங்கள். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி முறிக்கப் பார்க்காதீர்கள். கழுவிய பிறகுதான் வண்டி. பீடி சுற்றும் வீடுகளில் பறக்கும் புகையிலைத் தூளும் கண்ணைக் கரிக்கும். சுற்றும் இடத்தில் பூனையைப் படுக்க விடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் கடுவனுக்கு இரண்டு சாத்தியங்கள். ராத்திரிச் சண்டையில் நகம் பட்டிருக்கலாம். பூனை நகம் ஊசிபோல, வெளியே சின்னப் புள்ளியாக மூடிவிட்டாலும் உள்ளே லென்ஸின் உறையைக் கிழித்திருந்தால் சில வாரம் கழித்துக் கண் முழுக்கச் சீழ் பிடிக்கும். அதனால்தான் "கண்ணைத் திறந்துடுச்சு, சரியாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று ஹெர்பிஸ் வைரஸ். குட்டியாக இருக்கும்போது சளி பிடித்துக் கண்ணில் பீளை வந்த பூனைகளில் பெரும்பாலானவை அதை ஆயுள் முழுக்க உடம்பில் சுமக்கின்றன. புது இடம், புதுப் பூனை, சிரசுத் திருவிழா வெடிச் சத்தம், தீபாவளி என்று ஏதாவது அதிர்ச்சி வந்தால் மறுபடி தலைகாட்டும், பெரும்பாலும் ஒரு கண்ணில். இதற்கு ஃபாம்சிக்ளோவிர் மாத்திரை டாக்டர் எழுதலாம். கடைகளில் லைசின் பவுடர் வாங்கச் சொல்வார்கள், அதனால் பயன் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, அந்தப் பணத்தை மருந்துக்கு வையுங்கள்.

அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று நினைக்க வேண்டாம், பூனையையும் பார்ப்பார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து எடுத்துப் போங்கள். "ஃப்ளோரசின் சாயம் போட்டுப் பார்க்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். அது ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை. ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல விளக்கில் பார்த்தால் தோல் உரிந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை. அங்கே பட்டை இல்லை என்றால் கண் ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மனிதர்களுக்குப் பயன்படும் அதே பட்டைதான். புண் ஆழமாக இருந்தால், உருகத் தொடங்கியிருந்தால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், கண்ணுக்கென்று தனிப் பிரிவு அங்கே உண்டு. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். போகச் சொன்னால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

டாக்டர் சொட்டு மருந்து எழுதினால் அது உள்ளே போவதுதான் பாதி வைத்தியம். பூனையைத் துண்டில் நான்கு காலும் உள்ளே இருக்கும்படி சுற்றி, மேசை மேல் முதுகு உங்கள் பக்கமாக வையுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி முகத்தை மேலே தூக்கி, வலது கையைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து மேலிமையை விரலால் லேசாக இழுத்து ஒரு சொட்டு விடுங்கள். எதிரிலிருந்து பாட்டில் வந்தால் பூனை மிரளும். பாட்டிலின் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடம் இல்லை, வழிந்துதான் போகும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம், களிம்பு இருந்தால் கடைசியில். அட்ரோபின் சொட்டு விட்டதும் வாயில் நுரை தள்ளினால் பயப்படாதீர்கள். கண்ணீர் வழியாகத் தொண்டைக்கு இறங்கிய கசப்புதான் அது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே ஐந்து மி.லி. தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுங்கள், தொண்டைக்குழாயில் மாத்திரை ஒட்டி நின்றால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும். என்ரோஃப்ளாக்ஸசின் எழுதினால் அளவைக் கொஞ்சமும் கூட்டாதீர்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம், பெரும்பாலும் திரும்ப வராது.

மேலோட்டமான புண் ஒரு வாரத்துக்குள் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால் பாட்டிலை மாற்றிப் பயனில்லை, காரணத்தைத்தான் தேட வேண்டும். மறுபடி சாயம் போட்டுப் பச்சை பிடிக்கவில்லை என்று டாக்டர் சொல்லும் வரை மருந்தையும் காலரையும் நிறுத்தாதீர்கள்.

பேரணாம்பட்டுப் பூனைக்கு வருகிறேன். வயதான பூனைக்குக் கண்ணுக்குள் லென்ஸில் லேசாக நீலம் படிவது சகஜம், அதனால் முட்டிக்கொள்ளாது. கண்புரையும் நாய்களுக்கு வருகிற அளவுக்குப் பூனைக்கு வருவதில்லை. நான்கு நாளில் முட்டத் தொடங்கியது என்றால் முதலில் ரத்த அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கும் தைராய்டு கூடிய பூனைக்கும் அழுத்தம் ஏறி, விழித்திரை கண்ணின் பின்சுவரை விட்டுக் கழன்றுவிடும். பகல் வெளிச்சத்திலும் கண்மணிகள் வட்டமாக விரிந்தே இருக்கின்றனவா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீரும் அதிகம் போகிறதா என்றும் கேளுங்கள். மேல் அழுத்தம் 160ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை, 180 என்றால் தாமதமே கூடாது. அம்லோடிபின்தான் வழக்கமாகக் கொடுப்பது, 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்குதான் பெரும்பாலும் தொடக்க அளவு. வீட்டில் யாரோ சாப்பிடும் பி.பி. மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளந்து பார்க்காமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சில நாளுக்குள் அழுத்தம் இறங்கினால் விழித்திரை ஒட்டிக் கொஞ்சம் பார்வை திரும்புவது உண்டு. அதற்குத்தான் இன்றே என்கிறேன்.

அந்தப் பூனை என்ன சாப்பிடுகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் சாதமும் தயிர் சாதமும் மட்டுமே தின்னும் பூனைக்கு டாரின் என்ற சத்து கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் அது குறைந்தால் விழித்திரை தேய்ந்து பார்வை மெல்லப் போகும், இதயமும் பெருத்துவிடும். போன பார்வை வராது, இருப்பதைக் காக்கலாம். மீன், கோழி ஈரல், இதயம் ஆகியவற்றை வேக வைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்துப் போடுங்கள், டாரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ஈரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். நாய்த் தீவனத்திலும் பூனைக்குத் தேவையான டாரின் இருப்பதில்லை.

குழந்தையைப் பற்றி. பூனையின் ஹெர்பிஸ் மனிதருக்கு ஒட்டாது. க்ளமிடியா என்ற கிருமியால் கண் சிவந்தால் அரிதாக மனிதருக்கும் வரலாம், ஆகவே மருந்து விட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்தப் பஞ்சை மூடிய குப்பையில் போடுங்கள், கண் ஆறும் வரை பூனையைக் குழந்தையின் படுக்கையில் விடாதீர்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் தட்டும் மணல் பெட்டியும் தனித்தனியாக வேண்டும். வலியோடு இருக்கும் பூனையை நான்கு வயதுக் குழந்தை பிடிக்கப் போனால் பிறாண்டும். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் காட்டுங்கள். ராத்திரி வெளியே சுற்றும் கடுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும், ஹெர்பிஸ், கேலிசி, பேன்லுக்கோபீனியா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியும் போட்டிருக்கிறதா என்று கண் ஆறியதும் கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடை ஆபரேஷனையும் அப்போதே பேசிவிடுங்கள். சுற்றலும் சண்டையும் குறைந்தால் கண்ணில் நகம் படுவதும் குறையும்.